பட்டறை அட்டையில் இரண்டு வேலை

"போகாதன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்" என்றான் மரியசெல்வம். "அதே மாதிரி நீயும் என்னைய வான்னு கூப்பிட்றக் கூடாது."

"அம்புட்டுத்தானா? நான் வேற என்னமோ கண்டிஷன்னு பயந்துட்டேன்."

"சிரிக்காத. ரெண்டு வருஷம் கத்தார்ல கிடந்துட்டு வந்தவன் நான். ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு. மேல் கட்டில்காரன் புரண்டு படுத்தா என் மூஞ்சில துரு கொட்டும். இனி கஞ்சி குடிச்சாலும் ஊர்லதான்னு முடிவு பண்ணித்தான் பட்டறை போட்டேன்."

"சரிங்க. கூப்பிட மாட்டேன். போதுமா?"

ஆவூர் மாதா கோயிலில் அவர்களுடைய கல்யாணத்தை அறிவிக்கும் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அது. பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் சாமியாரைச் சுற்றி நின்றிருந்த நேரத்தில், வரிசையாக நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே நின்று இந்த உடன்படிக்கை முடிந்தது. அடைக்கலமேரிக்கு அப்போதுதான் மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. எம்.ஏ., பி.எட். முடித்து, கடல் தாண்டப் போகிற சந்தோஷத்தில் இருந்த பெண்ணுக்கு, ஒருவரைக் கூப்பிடாமல் இருப்பது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

அது ஆறு வருஷத்துக்கு முந்திய பேச்சு. அவன் தன் வாக்கைக் காப்பாற்றினான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் திருச்சி விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "போயிட்டு வா" என்று மட்டும் சொல்வான். அவளும் காப்பாற்றினாள். வருஷத்தில் நாற்பது நாள்தான் குடித்தனம். கொரோனா வந்த வருஷம் அதுவும் இல்லை. கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு முதன்முதலில் தோன்றியது அந்த வருஷத்தில்தான். அதற்குப் பிறகு எத்தனையோ முறை வாய்வரை வந்த சொல்லைச் சோற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறாள்.

இந்த ஜூலை லீவில் அது தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது.

காரணம், போனில் இருந்த இரண்டு கடிதங்கள். ஒன்று, அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் அனுப்பியது. அடுத்த வருஷத்திலிருந்து அவளை இங்கிலீஷ் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொன்னது. இன்னொன்று, மஸ்கட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகம் அனுப்பியது. அங்கே முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் விரிவுரையாளர் வேலை. சம்பளம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் பதில் அனுப்ப வேண்டும். இன்றைக்குச் சனிக்கிழமை.

பள்ளிக்கூடம் என்றால் பழைய மாதிரி மூன்று டீச்சர்கள் சேர்ந்து இருக்கும் வீடு. கணவன் என்றாலும் ஆண் வாடை அங்கே ஒரு ராத்திரி தங்கக் கூடாது. பல்கலைக்கழகம் என்றால் குடும்பத்தோடு இருக்க ஒரு ஃப்ளாட், கணவனுக்கும் விசா.

பள்ளிக்கூடத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டால் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவளுக்கு அதுதான் வசதியாக இருந்தது, அதுதான் வலிக்கவும் செய்தது.

காலையில், அதே பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷமாக வேலை பார்க்கும் ஜஸ்டினுக்குப் போன் போட்டாள். ஆவூர்க்காரர்தான், அவளுக்கு அண்ணன் முறை. அவரும் முன்பு பள்ளிக்கூடத்தில் இருந்தவர்.

"ஒழைப்புன்னு பாத்தா பேச்சே இல்லம்மா" என்றார். "அங்க ஒனக்கு வாரத்துக்கு முப்பது பீரியட். அது போக சப்ஸ்டிட்யூஷன், பஸ் டியூட்டி, ஆண்டு விழாவுல டான்ஸ் ஆடுற பிள்ளைக்குப் பாவாடை இடுப்புல நிக்குதான்னு பாக்குறது வரைக்கும் ஒன் தலையில. இங்க பதினெட்டு மணி நேரம். அது முடிஞ்சா ஒன்னைய ஒருத்தன் தேட மாட்டான்."

"அது நல்லதுதானேண்ணே?"

"நல்லதும்தான், கெட்டதும்தான். போன மாசம் நாலு நாள் காய்ச்சல்ல கிடந்தேன். வகுப்பு ரத்துன்னு ஒரு மெயில் போச்சு, சோலி முடிஞ்சது. பள்ளிக்கூடத்துலன்னா ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க முப்பது கார்டு எழுதிக் குடுத்திருக்கும். சீக்கிரம் வாங்க சார்ங்கிறதையே முப்பது விதமா தப்பா எழுதியிருக்கும்."

அவள் சிரித்தாள். அப்படிப்பட்ட கார்டுகள் அவள் பெட்டியில் ஒரு கட்டு இருந்தன.

"வேலை நிலைக்குமாண்ணே?"

"ரெண்டு வருஷ காண்ட்ராக்ட். டெர்ம் முடிவுல பிள்ளைங்க நமக்கு மார்க் போடும். அது கொறைஞ்சா ஆபீஸ்ல கூப்பிட்டு ஒக்கார வச்சுப் பேசுவாங்க. பள்ளிக்கூடத்துல பெத்தவங்க வாட்ஸ்அப்ல சத்தம் போடுவாங்க, ஆனா ஜூன் வந்தா காண்ட்ராக்ட் தன்னால வந்துரும்."

"பிள்ளைங்க எப்படி?"

"பதினெட்டு, பத்தொம்பது வயசு. பன்னெண்டு வருஷம் அவுங்க மொழியில படிச்சிட்டு வந்து, திடீர்னு எல்லாம் இங்கிலீஷுங்கவும் தெகைச்சுப்போய் ஒக்காந்திருக்கும். ஒரு வரி எழுதுன்னா பேனாவப் பிடிச்சுக்கிட்டு நம்மளையே பாக்கும். நீ புதுக்கோட்டை காலேஜுக்கு வந்தப்ப கடைசி பெஞ்சுல ஒக்காந்து அழுதேன்னு சொல்லுவியே, அந்த மாதிரி."

அந்தப் பேச்சு அடைக்கலமேரியின் மனசில் ஊசியாக இறங்கியது. முதல் வருஷம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தவள் அவள். கேள்வி புரியவில்லை என்று சொல்லக்கூட இங்கிலீஷ் தெரியவில்லையே என்று அழுதவள்.

"ஃப்ளாட்டு ரெண்டு பெட்ரூம்" என்றார் ஜஸ்டின். "மச்சான் வருவாருல்ல?"

"பாக்கணும்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமியார் இன்னாசியம்மாள் தலை நிமிரவில்லை. "என்ன ஆத்தா, பெரிய பள்ளிக்கூடமா, சின்னப் பள்ளிக்கூடமா?"

"அதான் அத்தை யோசிக்கிறேன்."

"எனக்கென்ன தெரியும். எதுக்குப் போனாலும் அவன் இங்கிட்டு, நீ அங்கிட்டு. கோயில்ல பாக்குறவளெல்லாம், மருமக வந்திருக்காளாமே, விசேஷம் உண்டாங்குறாளுக. பிளேன்ல வாரதே ஒரு விசேஷந்தான்டின்னு சொல்லிட்டு வாரேன்." ஒரு காம்பை ஒடித்து எறிந்தாள். "என்னைப் பத்தி நெனைக்காத. பெரியவன் அடுத்த வீட்டுலதான் இருக்கான். மிஞ்சிப்போனா மருமகளுக ரெண்டு பேரையும் ஒருத்திகிட்டயே திட்டித் தீத்துக்கிறேன்."

அடைக்கலமேரி டிபன் கேரியரைத் துடைத்தாள்.

ஆலங்குடி கடைவீதி தாண்டி, தென்னந்தோப்பு ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தது மரியசெல்வத்தின் பட்டறை. ஆழ்குழாய்க் கிணறுகளில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிப் புதிதாகக் காயில் கட்டுவது தொழில். தகரக் கொட்டகைக்குள் வார்னிஷ் வாசனை. சுவரோரம் அண்டை ஊர்களின் மோட்டார்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்கள் போல வரிசையாகச் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் செம்புக் கம்பியில் கட்டிய அட்டை. பெயர், ஊர், லோடு, பழைய சுத்து எத்தனை, கொறை, தர வேண்டிய நாள் என்று வரி வரியாக அவனே அச்சடித்து வைத்த அட்டை.

சாப்பாட்டோடு அவள் உள்ளே நுழைந்தபோது, ஒரு அம்மாள் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சின்னப்பிள்ளை என்று பெயர், கடலை போட்டிருக்கிறாள்.

"மோட்டாரு ஓடலப்பா. தொறந்து பாத்தா ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீங்க சொல்லாம தொறக்க மாட்டேன். கொறை என்ன?"

"ஓடல. அதான் கொறை."

"ஓடலங்கிறது எனக்கும் தெரியுது. எதனால ஓடல?"

இது அவன் பட்டறையின் சட்டம். கொண்டுவந்தவர்கள் வாயால் குறையைச் சொல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டான். என்ன நடந்தது என்று தெரியாமல் காயில் மட்டும் மாற்றிக் கொடுத்தால், பத்தே நாளில் மறுபடி எரிந்து திரும்பி வரும், கெட்ட பேர் தனக்கு வரும் என்பான்.

"தண்ணியில்லாம ஓட்டுனீங்களா?"

சின்னப்பிள்ளை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "செத்த நேரம் கண்ணசந்துட்டேன்ப்பா. முழிச்சுப் பாத்தா குழாயில காத்துதான் வருது. அது எவ்வளவு நேரமா ஓடுச்சோ."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"என்னையத் திட்டுவியோன்னுதான்."

"திட்டி என்ன ஆகப்போகுது. காயிலோட ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் மாட்டித் தாரேன். தண்ணி இல்லன்னா அதுவா நின்னுக்கும்." அட்டையில் எழுதி, கம்பியை முறுக்கிக் கட்டினான். "புதன்கிழமை வாங்க."

அந்த அம்மாள் போனபிறகு அவன் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டதும் கேட்டான். "முடிவு பண்ணிட்டியா?"

"ஸ்கூலே போதும்னு தோணுது."

"யூனிவர்சிட்டி வந்த அன்னைக்கு அந்த மெயில நாலு தடவ வாசிச்சுக் காட்டுன. இப்ப ஸ்கூல் போதுங்குற."

"பழகின எடம்ல."

அவன் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினான். பிறகு அட்டைக் கட்டிலிருந்து இரண்டை உருவி, மேசையில் போட்டான்.

"என்னங்க இது?"

"எனக்கு இப்படி எழுதினாத்தான் வெளங்கும். பேரு: ஸ்கூல். பேரு: யூனிவர்சிட்டி. லோடு எவ்வளவு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அது முப்பது பீரியட். இது பதினெட்டு மணி நேரம்."

எழுதினான். "தர வேண்டிய நாள்னா காண்ட்ராக்ட்டுன்னு வச்சுக்குவோம். அது வருஷா வருஷம், இது ரெண்டு வருஷம். பழைய சுத்து?"

"அதுல ஆறு வருஷம். இதுல…" ஒரு கணம் யோசித்தாள். "இதுலயும் ஒரு வருஷம் போடுங்க. நான் காலேஜ்ல கடைசி பெஞ்சுல இருந்த வருஷம். அது இந்த வேலைக்குத்தான் ஆகும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, 'ஒன்று' என்று அழுத்தி எழுதினான்.

"ஸ்கூல்ல கொறை?"

"கால் வலி. நோட்டுத் திருத்தம். ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போடுற அப்பாக்கள்."

"யூனிவர்சிட்டியில?"

"ஒன்னுமில்ல."

"கொறையே இல்லாத மோட்டார எவனும் பட்டறைக்குத் தூக்கிட்டு வர மாட்டான், அடைக்கலம். ஒன்னுமில்லன்னா ஏன் இத வேணாங்குற?"

"பிள்ளைங்க நமக்கு மார்க் போடுமாம்."

அவன் எழுதவில்லை.

"ரெண்டு வருஷத்துல அனுப்பிட்டாங்கன்னா?"

அதையும் எழுதவில்லை. "இதுக்கெல்லாம் பயப்படுற ஆளா நீ? மொத மொத நீ பிளேன் ஏறுனப்ப எனக்குத்தான் பயமா இருந்துச்சு, நீ சிரிச்சுக்கிட்டே போன." பேனாவை அந்த வரியிலேயே நிறுத்தியிருந்தான். "இந்த எடம் காலியா இருக்கு."

அவள் அட்டையைப் பார்த்தாள். அந்த ஃப்ளாட்டைப் போட்டோவில் பார்த்திருந்தாள். இரண்டு படுக்கையறை, துணி காயப்போட ஒரு பால்கனி. மூன்று டீச்சர்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் வீட்டில் தனியாக இருப்பது வெளியே தெரியாது. அந்த ஃப்ளாட்டில் ஒவ்வொரு சுவரும் அதைச் சொல்லும். ஆனால் கூப்பிட்டால், இந்தத் தகரக் கொட்டகை, சாய்ந்து நிற்கும் மோட்டார்கள், புதன்கிழமை வரப்போகும் சின்னப்பிள்ளை, எல்லாவற்றையும் விடச் சொல்வதாகும். மூஞ்சில் துரு கொட்டிய மனுஷனை மறுபடி கடல் தாண்டி வரச் சொல்வதாகும். மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டால், போனில் சிரித்துப் பேசும் அந்தச் சிரிப்பும் போய்விடும்.

"அடைக்கலம்" என்றான் மெதுவாக. "தண்ணியில்லாம ஓட்டுனியா?"

கேலியாகத்தான் கேட்டான். அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை.

"ரொம்ப நாளா" என்றாள்.

மரியசெல்வம் பேனாவைக் கீழே வைத்தான். பட்டறைக்கு வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஒங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். "மாதா கோயில் வாசல்ல."

"என்ன வாக்குன்னு எனக்கும் ஞாபகம் இருக்கு." அவன் குரல் இறங்கியிருந்தது. "நீ சொல்லாம நான் எழுத மாட்டேன். அது ஒனக்குத் தெரியும்ல?"

தெரியும். அவனாக யூகித்து எழுதிக்கொள்ள மாட்டான். சின்னப்பிள்ளைக்கு எழுதாதவன் அவளுக்கும் எழுத மாட்டான்.

அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, எழுதுகிற காரியம் இல்லை இது என்று புரிந்து, அதைத் தள்ளி வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எங்கூட வந்துருங்க" என்றாள்.