நீள ஹாரனுக்குப் பின்னால் ஒரு சத்தம்

அலோர் ஸ்டார் பல் டாக்டர் ஜெயசங்கர் ஒரு பொருளை அனுப்பினால் அதைப் பிரிப்பதற்கே அரை மணி நேரம் வேண்டும். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் துணி. ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையைக் கொண்டுவருகிறவர்கள்கூட இவ்வளவு சுற்ற மாட்டார்கள். கடைசியில் வெளியே வந்தது ஒரு சாண் நீள ரயில் இன்ஜின். மாடல்தான். ஆனால் வீட்டுக்குள் போட்ட தண்டவாளத்தில் விளக்கெரிய ஓடும், நிஜ இன்ஜின் மாதிரியே உறுமும், ஹாரன் அடிக்கும். கூடவே ஒரு சீட்டு.

"உமா, எல்லாம் நல்லா ஓடுது. ஆனா நீள ஹாரன் பட்டனை அமத்தினா, முடியிற நேரத்தில 'டக்' எண்டு ஒரு சத்தம் கேக்குது. ஸ்பீக்கர் கிழிஞ்சிட்டுதோ தெரியேல்ல. ஒருக்காப் பாத்துத் தாங்கோ."

உமாராணி சிரித்துக்கொண்டாள். கூலிம் தொழிற்சாலையில் இருபத்தோரு வருஷமாக மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அரிசிக் குருணை அளவு பாகங்களுக்கு சோல்டர் வைக்கிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமையானால் பாடாங் மேஹா வீட்டு மேசையில் இந்த மாதிரி இன்ஜின்களுக்கு வைத்தியம் பார்ப்பாள். கெடா மாநிலத்திலிருந்து மட்டுமில்லை, தெற்கே ஜொகூரிலிருந்துகூட அனுப்புகிறார்கள்.

மேசைக்கு மேலே அலமாரியில் மஞ்சள் துணி சுற்றிய இன்னொரு இன்ஜின் இருந்தது. அதை மட்டும் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஊரான் வீட்டு இன்ஜினையெல்லாம் பேச வைத்த கை, பெற்ற அப்பாவின் சத்தத்தை ஊமையாக்கிவிட்டதே! அந்தப் பாரத்தைத்தான் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

அப்பா குழந்தைவேலு முப்பத்து நாலு வருஷம் ரயில் டிரைவர். வேலையை விட்டு நின்ற அன்று, கடைசி ஓட்டத்தில் அவர் அடித்த ஹாரனை உமாவின் தம்பி யோகேந்திரன் மைக் வைத்துப் பதிவு செய்தான். அப்பா கண்ணை மூடிய பிறகு, அந்தச் சத்தத்தை ஒரே ஒரு மாடல் இன்ஜினின் சிப்பில் ஏற்றி அம்மாவுக்குக் கொடுத்தான். கொஞ்ச நாளில் போன் வந்தது. "அக்கா, என் ஹார்டிஸ்க் ரோசாக் ஆயிருச்சு. ஒரிஜினல் போச்சு. இனிமே அந்தச் சிப்புல இருக்கிறதுதான் அப்பா."

அன்றிலிருந்து அதை வருஷத்துக்கு ஒரு தடவை, திதியன்று மட்டும் ஓட்டினார்கள். போன வருஷத் திதியில் சத்தம் கரகரத்தது. "குடுங்க, நான் பாக்குறேன்" என்று உமாதான் வாங்கினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ, ஒரு கம்பி மாறிப் பட்டது. நூல்போல் ஒரு புகை. அவ்வளவுதான், முடிந்தது கதை. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் யோகேந்திரன் சொன்னான்: "அப்பாவ ரெண்டாவது தடவ கொன்னுட்டியேக்கா." அம்மா பிரேமாவதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாரா வாரம் செமிலிங் போய் அம்மாவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு வந்தாலும், அந்த வீட்டில் அதற்குப் பிறகு உமாவுக்கு ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கியதில்லை.

சரி, டாக்டருடைய இன்ஜினுக்கு வருவோம்.

மேசைத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டினாள். உறுமல் சுத்தமாக இருந்தது. நீள ஹாரனை அமுக்கினாள். கூவி முடிகிற இடத்தில் 'டக்'. டாக்டர் சொன்னது சரிதான். முதலில் சக்கரத்தைத் துடைத்தாள். அழுக்கு இருந்தால் கரண்ட் விட்டுவிட்டு வரும், சத்தம் வெட்டும். துடைத்தும் 'டக்' போகவில்லை. மேல் கூட்டைக் கழற்றினாள். ஸ்பீக்கர் கூட்டில் இடித்தாலும் இப்படிக் கேட்கும். கூடே இல்லாமல் ஓட்டினாள். 'டக்'. வால்யூமைப் பாதியாகக் குறைத்தாள். அதிகச் சத்தத்தால் ஸ்பீக்கர் பிசிறடிப்பதாக இருந்தால் குறைக்கும்போது காணாமல் போயிருக்க வேண்டும். அதுவும் மெலிந்து, அதே இடத்தில் 'டக்' என்றது. புது ஸ்பீக்கரே மாட்டினாள். அட, அப்போதும்!

"என்னாடா உன் வம்பு?" என்று இன்ஜினையே கேட்டாள்.

பத்து தடவை அமுக்கினாள். பத்து தடவையும் ஒரே இடம், ஒரே அளவு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழுது என்பது இவ்வளவு ஒழுங்காக வராது. கம்பி விட்டிருந்தால் ஒரு நேரம் கேட்கும், ஒரு நேரம் கேட்காது. இது சாமானில் இருக்கிற கோளாறு இல்லை. பதிவிலேயே இருக்கிற சத்தம்.

சிப்பிலிருந்து கம்பி இழுத்து, ஹாலில் இருந்த பெரிய ஸ்பீக்கரில் கொடுத்தாள். ஹாரனை அமுக்கினாள். பொம்மை ஸ்பீக்கரில் எந்த ஹாரனும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும்; அதில் 'டக்' என்று சுருங்கிக் கிடந்தது பெரிய ஸ்பீக்கரில் விரிந்தது. ஏதோ ஒன்று பலமாக உடைந்தது. சல்லிக் கல் மேல் சில்லுகள் சிதறின. அதில் ஒன்று போய்ப் பித்தளைத் தட்டில் பட்டு, 'ணங்'.

உமாராணி மறுபடியும் அமுக்கினாள். அதே 'ணங்'.

அது அவள் உடைத்த தேங்காய்.

பீடோங் பக்கத்தில் ரயில் பாதையோரம் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில் உண்டு. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா ரெண்டு குட்டை, ஒரு நீளம் ஹாரன் அடித்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போவார். கடைசி ஓட்டத்தன்று யோகேந்திரன் வேலியில் மைக்கைக் கட்டிவிட்டு, "யாரும் மூச்சு விடக்கூடாது" என்று சட்டம் போட்டிருந்தான். அப்பா ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். உமாவுக்குத் தாங்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த சாமிக்கு அன்றைக்குக்கூட ஒரு தேங்காய் கிடையாதா? கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஓங்கிச் சிதறடித்தாள். தம்பி ருத்ர தாண்டவம் ஆடினான். ரெக்கார்டிங்கே போச்சு என்று குதித்தான். சாயங்காலம் வீட்டில் அதைப் போட்டுக் கேட்ட அப்பாதான் சிரித்தார். "இருக்கட்டும்டா. வெட்டிப்புடாத. எம்மவ என்னய வழியனுப்புன சத்தம்டா அது."

ஒரிஜினல் போச்சு என்றானே! பின்னே இது எப்படி டாக்டர் இன்ஜினுக்குள் வந்தது? டாக்டருக்கு போன் போட்டாள்.

"டாக்டர், இதுல இருக்கிற சத்தத்த எங்க வாங்குனீங்க?"

"ஆன்லைனிலதான். ஈப்போவில இருக்கிற பெடியன் ஒருத்தன், யோகேன் எண்டு பேர். மூண்டு வருசம் இருக்கும். கனபேர் அவனிட்டத்தான் வாங்கியிருக்கினம். ஏன் உமா, ஸ்பீக்கர் மாத்த வேணுமோ?"

"இல்ல டாக்டர். நாளைக்குச் சொல்றேன்."

மூன்று வருஷம். ஹார்டிஸ்க் போச்சு என்று போன் வந்ததும் மூன்று வருஷத்துக்கு முன்னால்தான்.

அடுத்த போன் தம்பிக்கு. யோகேந்திரன் முதலில் மழுப்பினான். பிறகு, "அப்புறமா ரிக்கவர் ஆச்சுக்கா" என்றான்.

"என்னிக்கு?"

உமா விடவில்லை.

"வாயத் தொறடா. என்னிக்கு ரிக்கவர் ஆச்சு?"

"போகவே இல்லக்கா. போதுமா? விக்கப் போறேன்னு சொன்னா நீ விட்டிருப்பியா? அப்பா பதிவு, சாமி பதிவுன்னு தலையில தூக்கி வச்சு ஆடியிருப்ப. அதான் அப்படிச் சொன்னேன். நல்ல சத்தம்லா அது, நாலு பேரு கேட்டா என்னா?"

"வித்தது கெடக்கட்டும். நான் சிப்ப எரிச்சிட்டு, தலையில அடிச்சிக்கிட்டு அழுதேனே, அன்னிக்கும் அது உன்கிட்டதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அத வச்சுக்கிட்டே என்னய பாத்து, அப்பாவ கொன்னுட்டேன்னு சொன்ன."

"அது ஏதோ கோவத்துல..."

"கோவம் ஒரு நாளைக்கு இருக்கும்டா. ஒரு வருஷமா இருக்கும்? அம்மாவையும்ல பரிதவிக்க விட்ட, பாவி!"

 "அம்மாவ எதுக்குக்கா இதுல இழுக்குற" என்று முணுமுணுத்துவிட்டு போனை வைத்துவிட்டான்.

 கூடப் பிறந்தவன்! சின்ன வயதில் அவன் கால் சுடும் என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் அவள். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் ஹாலில் நடந்தாள். நடக்க நடக்க இன்னொன்று மனசில் எழும்பியது. அப்பாவின் ஹாரன் சாகவில்லை. அவள் கொல்லவில்லை. இதோ, மேசை மேல் உயிரோடு இருக்கிறது. அம்மா கேட்க வேண்டும். சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த முகம் அவள் பக்கம் திரும்ப வேண்டும். தம்பி செய்ததைச் சொல்ல வேண்டாம், அம்மாவுக்குத் தாங்காது. சத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

இன்ஜினையும் ஒரு துண்டுத் தண்டவாளத்தையும் காரில் போட்டுக்கொண்டு செமிலிங் போனாள். வழியில் பாசாரில் நிறுத்தி அம்மாவுக்குப் பிடித்த கெம்போங் மீன்கூட வாங்கினாள். அவ்வளவு சந்தோஷம்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னாடி, இந்த நேரத்துல?"

"சும்மா இரும்மா. ஒண்ணு காட்டுறேன்." நாற்காலி மேல் தண்டவாளத்தை வைத்து இன்ஜினை ஏற்றினாள்.  நீள ஹாரனை அமுக்கினாள்.

கூவி முடிந்தது. 'டக்'.

உமா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தாள். நெஞ்சில் கை வைப்பாள், "சரி செஞ்சிட்டியா, உமா" என்பாள் என்று நினைத்தாள். அம்மா இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என் போன்ல இருக்கிறது இதவிட தெளிவு."

"எந்த போன்ல?"

அம்மா தலையணைக்கடியிலிருந்து கைப்பேசியை எடுத்து, பழகிய விரலால் இரண்டு தடவை தொட்டாள். "யோகன் போட்டுக் குடுத்தான். மனசு ஒரு மாதிரியா இருந்தா கேப்பேன்."

"எப்பம்மா குடுத்தான்?"

"திதி முடிஞ்ச மறுவாரமே. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னான். சொன்னா நீ சண்டைக்குப் போவியாம், அவன் பொழப்பு கெடுமாம். புள்ளைங்களுக்குள்ள எதுக்கு வம்புன்னு நானும் விட்டுட்டேன்."

ஒரு வருஷம். ஐம்பது தடவையாவது இந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தலை நிமிராமல், அம்மாவின் காலைப் பிடித்துவிட்டிருக்கிறாள். அந்தத் தலையணைக்கடியில்தான் இது இருந்திருக்கிறது.

"கேளு, கேளு" என்றாள் அம்மா.

ரெண்டு குட்டை. பிறகு நீளம். அப்பாவேதான். கடைசியில் கொஞ்சம் இழுத்து விடுவாரே, அதேதான். உமா அந்தத் தேங்காய்ச் சத்தத்துக்குக் காத்திருந்தாள். ஹாரன் அடங்கியது. அதன் பின்னால் இன்ஜின் கடகடவென்று கடந்து போனது. வேறொன்றும் வரவில்லை.

"இதுல அந்த 'டக்' இல்லையேம்மா?"

"ஆமா, அவன் சுத்தம் பண்ணித்தான் குடுத்தான். கடைசியில என்னாமோ ஒரு தொந்தரவு இருந்துச்சாம், எடுத்துட்டானாம். இப்ப நல்லா அப்பா மட்டும் கேக்குது."

உமா இன்ஜினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து, டாக்டருடைய துணியிலேயே சுற்றினாள்.

"அந்தத் தொந்தரவு நான்தாம்மா" என்றாள்.

அம்மாவுக்குப் புரியவில்லை. மீனை என்ன செய்வது, குழம்பா பொரியலா என்று கேட்டாள். உமா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.