நோலீனின் ஜன்னல்

டாரல் முப்பது வருடமாகச் செம்மறிகளுக்கு ரோமம் கத்தரிப்பவர். அதே முப்பது வருடமாகச் சிகரெட் சுருட்டிப் பிடிப்பவர். இரண்டில் ஒன்றை விட வேண்டிய காலம் வந்துவிட்டது. இடது தோளில் கத்தி வைக்க வேண்டும். ஆறு வாரம் புகை தொடாமல் வந்தால்தான் வைப்பேன் என்று டப்போ ஆஸ்பத்திரி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வைக்காவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்குள் கை மேலே எழாது. அத்தோடு பிழைப்பு முடிந்தது.

டாரலின் மகள் இணையத்தில் ஒரு திட்டம் காட்டினாள். புகைக்கத் தோன்றும்போது போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அது புத்தி சொல்லும். டாரல் படிவத்தை நிரப்பினார். ‘உங்களுக்குத் துணை நிற்பவர்’ என்ற இடத்தில் கை தானாகவே சமையல்காரி நோலீனின் போன் எண்ணைப் போட்டது. ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் எந்தக் காகிதம் வந்தாலும் அவசரத்துக்கு எல்லோரும் கொடுப்பது அவள் எண்ணைத்தான்.

பண்ணையில் இணையம் நோலீனின் சமையலறையிலும், அதை ஒட்டிய மிளகு மரத்தடியிலும் மட்டும்தான் எட்டும். ரோம எண்ணெய் ஊறிய பூட்ஸோடு சமையலறைக்குள் கால் வைத்தால் நோலீன் கரண்டியால் பேசுவாள். ஆகவே மரத்தடி. தேநீர் இடைவேளையில் மொத்தக் கொட்டகையும் புகைவிடும் இடமும் அதுவே. புகையை விடுவதற்குப் புகைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார் மனுஷர்.

முதல் நாள் பொத்தானை அமுக்கினார். செய்தி நோலீனின் போனுக்குப் போனது. சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது.

“டாரல்! உனக்கு ஆசை வந்திருக்காமே! பத்து தடவ மூச்ச இழுத்து விடணுமாம்! இழு, நான் எண்ணுறேன். ஒண்ணு!”

மரத்தடியே உருண்டு சிரித்தது. “பிரசவத்துக்கா மாப்ளே?” என்றான் பக்கத்து மேடையில் கத்தரிக்கும் டிக்கோ.

“சும்மா இரு நோலீன், மானம் போகுது.”

“உனக்கு ஏதுய்யா அது? ரெண்டு!”

எண்ணை மாற்றலாம்தான். எப்படி என்று டாரலுக்குத் தெரியவில்லை. கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஒரு மாதம் நோலீன் எண்ண எண்ண மூச்சிழுத்தார். எண்ணி முடித்ததும் ஜன்னல் வழியாக சுடச்சுட ஒரு பூசணி ஸ்கோன் ரொட்டி வரும். இடுப்பு இரண்டு அங்குலம் கூடியது.

முப்பத்தோராம் நாள் வினை வந்தது. இரவெல்லாம் மழை. காலையில், செம்மறிகள் நனைந்திருக்கின்றனவா என்று கத்தரிப்பவர்கள் வழக்கம்போல வாக்குச் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஈரம் என்றே பெரும்பான்மை. ஈர ஆட்டைக் கத்தரிக்க மாட்டார்கள்; அன்றைக்கு வேலை இல்லை. சும்மா இருக்கும் கை எதையாவது தேடும். மரத்தடியில் டிக்கோ ஒன்றைச் சுருட்டி நீட்டினான்.

“ஒண்ணே ஒண்ணு மாப்ளே. டாக்டர் வந்து மோந்தா பாக்கப் போறாரு?”

டாரல் பொத்தானை அமுக்கவில்லை. அமுக்கினால் ஜன்னல் திறக்கும். சிகரெட்டை வாயில் வைத்தார். டிக்கோ லைட்டரைத் தட்டினான். அப்போது பையில் போன் அதிர்ந்தது.

‘நோலீன் உங்களைத் துணையாகக் குறித்திருக்கிறார். அவருக்கு இப்போது புகைக்கத் தோன்றுகிறது.’

டாரல் இரண்டு முறை படித்தார். நோலீனா? போன வாரம் வரை தினமும் மூன்று மணிக்கு இறைச்சிக் கொட்டிலின் பின்னால் எழுந்த புகையைக் குப்பை எரிப்பது என்றல்லவா நினைத்திருந்தார்!

எழுந்தார். சமையலறை வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நோலீன் மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். தீப்பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“சிரிச்சே, கொன்னுடுவேன்,” என்றாள். “இன்னிக்கு அஞ்சாவது நாள். உனக்கு எண்ணி எண்ணி எனக்கும் ரோஷம் வந்துடுச்சு.”

இத்தனை நாள் பட்டதற்கெல்லாம் சேர்த்துக் கத்த இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஜன்னலும் திறந்தே கிடந்தது. டிக்கோ இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாரல் ஜன்னலைச் சாத்தினார். எதிரே உட்கார்ந்தார்.

“மூச்ச இழு,” என்றார் மெதுவாக. “ஒண்ணு.”

நோலீன் இழுத்தாள். பிறகு எட்டி, அவர் உதட்டிலேயே மறந்து கிடந்த பற்றவைக்காத சிகரெட்டை எடுத்துத் தேநீர்க் கோப்பையில் போட்டாள்.

“இன்னும் பதினோரு நாள்தாண்டா,” என்றாள். “நீயும் சேந்து இழு. ரெண்டு.”