சூரியனுக்குப் பின்னால் ஒரு வெளிச்சம்

1

இந்தக் கதை ஒரு கிண்டலில் பிறந்தது. அதைக் கடைசியில் வைக்க நினைத்தேன். கை பொறுக்கவில்லை; மூன்றாம் பகுதியிலேயே வந்துவிடும்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘எங்கோ இருளில் இரண்டு கருந்துளைகள் காதலர்களைப் போல...’

வேண்டாம். காதலுமில்லை, கத்தரிக்காயுமில்லை. மோதின, ஒன்றாகின. அந்த அதிர்வைப் பூமியிலிருந்த கருவிகள் பிடித்தன. சில வாரம் கழித்து, அதே திசையில், ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதி குபீரென்று பிரகாசித்தது.

இரண்டும் ஒரே சம்பவம் என்று கட்டுரை எழுதினாள் ஓர் ஆய்வுக்காரி.

2

(அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் நீங்கள் அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.)

எதிர் மேசைக்காரருக்குப் பட்டப்பெயர் ‘சந்தேகம்’.

“அந்த மண்டலம் சும்மாவே மினுங்கி மினுங்கி எல்லாருக்கும் கண்ணடிக்கும்மா. உன்னப் பாத்துதான் அடிச்சுதுன்னு எப்படிச் சொல்ற?”

“ஒண்ணா சேந்த கருந்துளை, அங்க சுத்துற வாயுத் தட்டைக் கிழிச்சுக்கிட்டு பாஞ்சிருக்குண்ணா. அதான் வெளிச்சம். மண்டலத்துக்கு நடுவுல இருக்கிற பெரிய கருந்துளை அதை விடாது, இழுக்கும். திரும்பி வந்து தட்டுல விழும். மறுபடி பளிச்சுங்கும்.”

எந்த மாதம் என்று கணக்குப் போட்டாள். கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லியும்விட்டாள்: “அந்த மாசம் வரலைன்னா கட்டுரைய நானே வாபஸ் வாங்கிக்கிறேன்.”

வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் செய்த ஒரே காரியம் அந்தக் கட்டுரை.

3

கைதட்டல் ஓய்ந்ததும் சந்தேகம் எழுந்தார். “பிரபஞ்சத்துக்கே கணக்குப் போட்ட, சரி. நம்ம சூரியனை மறந்துட்டியேம்மா! அந்த மாசம் உன் மண்டலம் அதுக்குப் பின்னாடில்ல இருக்கும்?”

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். [‘கண்ணீர்’ என்று எழுதி அடித்துவிட்டேன்.] தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

4

அவள் சொன்ன மாதம் போயிற்று. சூரியன் விலகியது. முதல் படம் வந்தது. வழக்கத்தைவிட இம்மியளவு கூடுதல் பிரகாசம். அணைந்துகொண்டிருக்கும் வெளிச்சத்தின் வாலா, வெறும் கண்ணடிப்பா?

“வாபஸா?” என்றார் சந்தேகம். குரலில் கேலி இல்லை.

முடிவு ஒன்று: வாபஸ் வாங்குகிறாள். முடிவு இரண்டு: மாட்டேன் என்கிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே புளுகு.

அவள் ஜன்னலருகே போனாள். உச்சி வெயில்.

“அண்ணா, அந்த வெளிச்சம் வந்திருந்தா பகல்லதானே வந்திருக்கும்?”

“ஆமாம்மா. வெயிலோட வெயிலா.”

அவரும் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

5

அந்த மாதம் நீங்களும் வெயிலில் இறங்கியிருப்பீர்கள், துணி காயப்போடவோ, பேருந்து பிடிக்கவோ. பூமியில் ஒரு புல்கூட முளைக்காத காலத்தில் புறப்பட்ட வெளிச்சம் அது. வந்திருந்தால், உங்கள் புறங்கையிலும் விழுந்திருக்கும்.

கட்டுரை இன்னும் அவள் மேசைமேல்தான் இருக்கிறது. நீங்கள்தான் வெளியே நின்றீர்கள்.

வந்ததா?