மாணிக்கவேல் வகுத்த ஐந்து விதிகள்

நுரையீரல் புற்றுநோய் மருத்துவர் மாணிக்கவேலுக்குத் தன் வாய்மேல் அபார நம்பிக்கை. நோயாளியிடம் உண்மையை எப்படிச் சொல்வது என்று ஐந்து விதிகள் எழுதி, ஆய்விதழில் கட்டுரையாக்கி, ஊர் ஊராகப் போய் வகுப்பும் எடுத்தார். உட்கார வை, என்ன தெரியும் என்று கேள், நோயின் பெயரைச் சொல், அழ விடு, பிறகு வழி சொல். "சளிக்கட்டி என்று மழுப்புகிறவனுக்கு ஸ்டெதஸ்கோப் எதற்கு?" என்று முடித்தால் கைதட்டல் அள்ளும்.

போன வருடம் ஏனாத்தூர் வகுப்புக்கு ஒத்திகை பார்த்தது பிள்ளையார்பாளையத்தில், தங்கை வடிவின் வீட்டில். அவள் தறியில் இருந்தபடியே நோயாளியாக நடித்தாள். நான்காவது விதிக்கு நன்றாகவே அழுதாள். அதற்குள் இவருக்குப் போன் வந்துவிட்டது. எழுந்து போனவர் திரும்பி வரவில்லை.

அதே வடிவுக்கு இப்போது விடாத இருமல். பட்டுநூல் தூசிதான் என்று இரண்டு மாதம் சிரப் எழுதிக் கொடுத்த மேதை அவரேதான். பிறகுதான் ஸ்கேன், சதைப் பரிசோதனை எல்லாம். முடிவு வந்து மூன்று நாளாயிற்று. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் வந்து காபி குடித்துவிட்டுப் போனார். ஊருக்குத்தானே உபதேசம்.

இன்றைக்கு அவளே கேட்டுவிட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார். "சும்மா ஒரு சளிக்கட்டி."

சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. வடிவு தறிக்குழியிலிருந்து ஏறி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருண்ணா."

உட்கார்ந்தார்.

"உனக்கு இன்னா தெரியும், சொல்லு."

உலகத்துக்கே பேசக் கற்றுக்கொடுத்தவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"சரி, நானே சொல்றேன். கேன்சர். மூணு நாளா பாக்கெட்டத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருக்கிற. சளிக்கட்டிக்கு யார்னா இப்படிப் பயப்படுவாங்களா?"

"ரெண்டு மாசம் சிரப்பு குடுத்தேன்மா," என்றார் மாணிக்கவேல். அதற்குமேல் முடியாமல் அழுதார். அவள் தன் தோள் துண்டை எடுத்து நீட்டினாள்.

"அழு. அதுவும் உன் விதிதான்."

அவளுக்கும் பயம்தான்.

"அஞ்சாவது மட்டும் எனக்குத் தெரியாதுண்ணா," என்றாள். "அன்னிக்கு அது வர்றதுக்குள்ள நீ எழுந்து போயிட்ட."

அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்க்காமலே அணைத்தார். தாளைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, எழுந்து அவளுக்கு நாற்காலியைக் காட்டினார்.

"மொதல்ல நீ உக்காரும்மா," என்றார்.