ஊசியக்காவின் விறைத்த விரல்கள்

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணால் தேடமாட்டாள், விரல் நுனியால் தடவியே நரம்பைப் பிடித்துவிடுவாள். இருபது வருஷமாக ஒரே குத்துதான்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் அந்த விரல்கள் காலை வாரிவிட்டன. சில்லிட்டு மரத்துப் போயின. ஒரு பெரியவரை மூன்று தடவை குத்தினாள்.

"ஏம்மா, கையில தையலா போடுற?" என்றார் அவர். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. விரலுக்கு மட்டும் ஏறவில்லை.

விரல் மரத்துப்போகிறது என்று சொல்லப் போனபோதெல்லாம், மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் அவள் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்து, "பிரஷர் சூப்பரா இருக்கே, அப்புறம் என்ன?" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கணவனோ, "கையுறை போட்டுக்கயேன்" என்றான். நாள் முழுக்க கையுறையோடுதானே மாரடிக்கிறாள்! வெறுத்துப்போய் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வேலைக்கு நடுவில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கூட வேலை பார்க்கும் பெண் நாடி பிடித்துப் பார்த்தாள்: நூற்றிருபது. உடனே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்று டாக்டர் கத்தினார். "இதைத் திடீர்னு விடக் கூடாதும்மா. இதயத்தை மெதுவா, அலட்டிக்காம அடிக்க வைக்கிற மாத்திரை இது. சில பேருக்குக் கை கால்ல ரத்தக்குழாய் சுருங்கும். நுனிக்கு ரத்தம் குறைஞ்சு சில்லுனு ஆகும்."

"அதைத்தானே ஒன்றரை மாசமா சொல்றேன்! மிஷினைத்தானே பார்த்தீங்க, என் கையைப் பார்த்தீங்களா?"

டாக்டர் அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "அடேயப்பா!" என்றார்.

அந்த மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறு வகைக்கு மாற்ற வேண்டும் என்றார். அதுவரை அவளைப் பெயர் பதிகிற மேஜையில் உட்காரவைத்தார்கள். உள்ளே யாராவது 'ஆ'வென்று அலறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து விரல்களில் சூடு திரும்பியது. அழுத்தமும் கட்டுக்குள்தான் இருந்தது. ஊசியைக் கையில் எடுத்தாள். முதலில் வந்தவருக்கு இரண்டாவது குத்து தேவைப்பட்டது.

"பரவாயில்லக்கா" என்றார் அவர். அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை.