மூன்று வாளி அரை வாளியானது

பதினோரு நாட்களாக எங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை.

குக்கரில் ஆறு விசில் விட்டுப் பார்த்தேன். எட்டு விட்டேன். திறந்தால் ஒவ்வொரு பருப்பும் தனித்தனியாக, முன்பின் தெரியாதவர்கள் பந்தியில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்த புதிதில் இதே பருப்பு, இதே குக்கர், இதே அடுப்பு. குழைந்து வெந்தது.

"மொதல்ல நல்லாதானே செஞ்சே? இப்ப என்ன வந்துச்சு உனக்கு?" என்றார் அத்தை, என் மாமியார்.

எனக்கும் அதுதான் தெரியவில்லை. டீயின் மேல்கூட ஓர் ஏடு படிந்தது. பாலாடை இல்லை. கரண்டியால் தள்ளினால் உடைந்து டம்ளர் ஓரத்தில் கறையாக ஒட்டியது. அத்தை கடையை மாற்றினார். புதுக் கடைப் பருப்பும் வேகவில்லை.

"ரெண்டு கடைக்காரனும் பேசி வச்சுக்கிட்டா ஏமாத்துறான்? கைப்பக்குவம் வேணும்டி, கைப்பக்குவம்."

மாமா மட்டும் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தார். என் மாமனாருக்குத் தெருவில் 'சொட்டு' என்று பெயர். எங்காவது குழாய் சொட்டினால், அது அடுத்த வீட்டுக் குழாயாக இருந்தாலும், இறுக்கி மூடிவிட்டுத்தான் வருவார். வீட்டில் ஷவர் கிடையாது. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. துணி அலசிய தண்ணீர் கழிப்பறைக்குப் போகும். விருந்தாளிக்கு அரை டம்ளர் தண்ணீர், கேட்டால் இன்னொரு அரை.

அவருடைய ஒரே எதிரி, சமையலறைச் சுவரில் தொங்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின். ஒரு பங்கு நல்ல தண்ணீர் கொடுக்க மூன்று பங்கைக் கழிவாக வெளியே தள்ளுகிறதே என்று அதோடு தினமும் சண்டை போடுவார். அந்தக் கழிவை வாளியில் பிடித்து, தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொள்வோம். முன்பு ஒரு நாளைக்கு மூன்று வாளி வரும். இப்போது அரை வாளிதான் வந்தது.

"பாத்தியாம்மா? மூணு வாளி அரை வாளியாயிடுச்சு!"

"எப்படி மாமா?"

"நல்லபடியா பழகினா மெஷினும் சொன்ன பேச்சு கேக்கும்."

மெஷின் இல்லாமல் எங்களால் முடியாது. இந்தத் தெருவில் ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டிக்கும் அடுத்த வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கும் நடுவில் ஆள் ஒருவர் படுக்கத்தான் இடம் இருக்கும். போர் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம் என்று தெருமுனையில் அறிவிப்பே ஒட்டியிருக்கிறார்கள்.

நாத்தனார் தன் ஒரு வயதுப் பெண்ணோடு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வந்த மறுநாளே குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. டாக்டர் ஒரு பொடி கொடுத்து, தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார். மெஷின் தண்ணீரில்தான் கரைத்தோம். குழந்தை இன்னும் வாடியது.

"அண்ணி, தண்ணிய ஒருமுறை கொதிக்க வச்சு..." என்று நாத்தனாரிடம் ஆரம்பித்தேன்.

"மெஷின் தண்ணிய எதுக்குக் கொதிக்க வைக்கணும்? நீ மொதல்ல பருப்ப வேக வை."

நான் வேதியியல் படித்தவள். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பும் நுரைக்காது. அன்று மதியம் அடுப்படியில் யாரும் இல்லாத நேரத்தில் இரண்டு சின்ன பாட்டில்களை எடுத்தேன். ஒன்றில் குடிக்கும் தண்ணீர், மற்றதில் வாளியின் கழிவுத் தண்ணீர். குளியல் சோப்பைக் கரைத்து இரண்டிலும் சில சொட்டு விட்டுக் குலுக்கினேன்.

கழிவுத் தண்ணீர் கழுத்துவரை நுரைத்தது. குடிக்கும் தண்ணீர் திரிதிரியாகத் திரிந்தது.

மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் கழிவில்தானே இருக்க வேண்டும்? பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டையும் கழுவி, குடிக்கும் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு மறுபடி செய்தேன். அதே. ரப்பர் பேண்டைத்தான் மாற்றிப் போட்டேனோ? மூன்றாம் முறையும் அதே. என் கையை நம்புவதா, கண்ணை நம்புவதா, படித்ததை நம்புவதா என்று புரியவில்லை. பிறகு மெஷின்மேல் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்து நுரை விஷயத்தைச் சொன்னேன்.

"மெஷின் தொட்டி சீக்கிரம் நிறையுதாங்க?" என்று கேட்டார் மெஷின்காரர்.

"நிமிஷத்துல."

"கழிவு?"

"அரை வாளி."

"சரியாப் போச்சு. உள்ள ட்யூப் மாறியிருக்குங்க. வடிகட்டின தண்ணி வாளிக்குப் போகுது, கழிவு தொட்டிக்கு வருது. போர் தண்ணியும் அதுவும் ஒண்ணுதான். நான் அங்க வந்து ஆறு மாசமாச்சு. யாரோ கைய வச்சிருக்காங்க. காலையில வரேன், அதுவரைக்கும் குடிச்சுடாதீங்க."

யாரோ என்றால் யார்? என் கணவருக்கு கேஸ் அடுப்பே எந்தப் பக்கம் திருகினால் அணையும் என்று சந்தேகம். அத்தைக்கு மெஷினில் தெரிந்தது குழாய் மட்டும். மாமா எதையும் பிரிக்கக் கூடாது என்பது அத்தையின் தடை. மிக்ஸியைப் பிரித்து மாட்டியபின் இரண்டு திருகாணி மீந்துபோனதிலிருந்து அது அமலில் இருக்கிறது. ஆகவே அவரையும் கழித்துவிட்டேன். மிச்சம் நான். ஈரத்துணியால் மெஷினைப் பின்பக்கம்வரை துடைத்தது நினைவிருக்கிறது. அப்போது ஏதாவது கழன்றதா? கழன்றதை நானே செருகினேனா? துணி நீல நிறம் என்பது நினைவுக்கு வந்தது. ட்யூப் வரவில்லை.

அப்போது அத்தை வந்து, பொடி கரைக்க டம்ளரை மெஷின் குழாயின்கீழ் வைத்தார். என் கை போய்க் குழாயை மூடிவிட்டது.

"என்னடி இது?"

"அத குடுக்க வேணாம் அத்தை."

"ஏன்?"

அதற்குள் அத்தையின் கண் பாட்டில்களில் விழுந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"சோப்பு! அடியே, குடிக்கிற தண்ணில சோப்பா?"

நாத்தனார் ஓடிவந்தார். "அதான் என் பொண்ணுக்கு இப்படிப் போகுதா? உன் பரிசோதனைக்கு என் பொண்ணுதான் கெடச்சாளா?"

"அய்யோ, இல்ல அண்ணி. மெஷினுக்குள்ள ட்யூப் மாறியிருக்கு. நாம குடிக்கிறது கழிவுத் தண்ணி."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"நுரை... மெஷின்காரரும் சொன்னார்."

"யாரு மாத்துனது?"

"தெரியல."

"தெரியலயா?" என்றார் அத்தை. "இந்த அடுப்படியில நீ இருக்கே, நான் இருக்கேன். நான் மாத்தல."

அவர் கணக்கும் என் கணக்கும் ஒரே விடைக்கு வந்தன. மாமா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார். குழந்தையின் உதடு உலர்ந்திருந்தது. நாத்தனார் போனில் தன் கணவரிடம், "உடனே வந்து கூட்டிட்டுப் போங்க. இந்த வீட்டுத் தண்ணிய நம்பி இனி பிள்ளையோட வர மாட்டேன்," என்றார்.

"நாளையிலேர்ந்து நீ அடுப்படிக்குள்ள வராதே," என்றார் அத்தை என்னிடம்.

"துடைக்கும்போது ஒருவேளை நான்தான்..." என்றேன். பொய் சொல்லவில்லை. அதற்குள் நானே அதை நம்பியிருந்தேன்.

"அவ இல்ல," என்றார் மாமா.

"உங்களுக்கு என்ன தெரியும்? சும்மா இருங்க."

மாமா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை.

"நீங்க எல்லாரும் வெளிய போயிருந்தப்ப, கழிவக் கொறைக்கலாம்னு அந்த மெஷினத் தொறந்தேன். ரெண்டு ட்யூபும் ஒரே மாதிரி இருந்துச்சு. கழட்டி மாட்டினது நான்தான்."