நிஸாவின் குறிப்புகள்

உட்துறைமுக வீதியில் படகு என்ஜின் திருத்தும் கம்பனியில் எங்கள் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறாள். அங்கிருந்த கம்ப்யூட்டர் புரோகிராமும் அவள் சேர்ந்த வருஷம் போட்டதுதான். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதைத் தட்டத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்ற பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

இந்த வருஷம் முதலாளி புதிய மென்பொருளுக்கு மாறினார். பழையதில் இருந்த வாடிக்கையாளர் விபரமெல்லாம் ஏற்ற இக்ராம் என்று ஒரு என்ஜினியர் கொழும்பிலிருந்து வந்தார்.

“மேடம், ஒவ்வொரு பேருக்குக் கீழயும் குறிப்பெண்டு ஒண்டு இருக்கே. வாசிச்சுப் பாத்து வேண்டாததை வெட்டவா?”

“வாசிக்கத் தேவையில்ல. விலாசந்தான். அப்படியே ஏத்துங்க.”

விலாசமாவது! யார் கோபக்காரர், யாரிடம் எந்த நேரம் வாய் கொடுக்கக்கூடாது என்று ஆட்களின் குணமெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகக் கிடந்தது. அந்நிய மனிதர் அதை வாசிப்பாரே என்று வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தில் ஊரே வாசிக்க விட்டுவிட்டாள்.

புதிய மென்பொருள், என்ஜின் திருத்தி முடிந்ததும் வாடிக்கையாளருக்குத் தானாகவே செய்தி அனுப்பும், குறிப்பையும் சேர்த்து. முதல் நாள் போன பதினொரு செய்திகளில் ஒன்று கலீலுர் றஹ்மானுக்கு. நிஸாவின் மகள் ஷிஃபானாவைத் தன் மகனுக்கு எடுக்க வாய்ச்சொல் கொடுத்திருந்த அதே மனிதர்.

பின்னேரம் நிஸா என் வாசலில் நின்று அழுதாள்.

“ராத்தா, பிள்ளைட கலியாணம் போச்சு. தனியப் போய் அவங்கட முகத்தைப் பாக்க ஏலாது. நீங்களும் வாங்க.”

நான் மறுப்பேனா? முன்னுக்கு நடந்ததே நான்தான். ஆறுதலுக்கு என்று சொல்லிக்கொண்டாலும், என்ன நடக்கிறதென்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கலீலுர் றஹ்மான் கதிரையில் தலைகுனிந்து இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் கண்டேன். மனைவி நஸ்ரியா குசினியில் அடுப்பை விட்டுவிட்டுப் போனோடு வந்தாள்.

“படகு கட்டுற ஜெட்டியில நாலு பேருக்கு முன்னால மகன் இதைச் சத்தமா வாசிச்சிருக்கான். கேளுங்க நிஸா. ‘உங்கள் என்ஜின் தயார். குறிப்பு: வாய் ஓயாது. மனைவியிடம் ஏச்சு வாங்கினால் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் அழுவார்.’”

“மன்னிச்சுக்கங்க நஸ்ரியா. காதில விழுந்ததெல்லாம் எழுதிட்டன்.”

“பொறுங்க, இன்னும் ஒரு வரி இருக்கு.” நஸ்ரியா என் பக்கம் திரும்பினாள். “‘தகவல்: சுபைதா.’ உங்கட பேர்தானே ராத்தா?”

நிஸா ஒழுங்கான வேலைக்காரி. யார் சொன்னது என்றும் எழுதி வைப்பாள் என்பது மட்டும் என் காதுக்கு எட்டவில்லை.

“கடலில மூழ்கி மௌத்தான தம்பியை நினைச்சு அழுத மனுசன் ராத்தா அவர். உங்களுக்கு மட்டுந்தான் சொன்னனான். நான் ஏசி அழுததெண்டா கதைச்சீங்க?” என்றாள் நஸ்ரியா.

ஓம், அப்படித்தான் கதைத்தேன். உள்ளபடி சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

கலீலுர் றஹ்மான் நிமிர்ந்தார். என்னை அல்ல, மனைவியைப் பார்த்தார். தான் அழுததை அவள் கண்டிருக்கிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து உள்ளே போய்விட்டார்.

“நிஸா, நீங்க இருங்க. தேத்தண்ணி ஊத்துறன்,” என்றாள் நஸ்ரியா.

என் பெயரை அவள் சொல்லவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தனியாக வந்தேன்.

ஷிஃபானாவின் கலியாணத் திகதி மீன்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கலியாணம்! அந்தத் திகதியை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.